வைஃபை எந்த இடத்தில் அறுகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் வைஃபை நிலைத்து நிற்குதில்லை. ஏன் திடீரென்று இத்தனை பேர் என்றால், 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லப்டொப்களை எறிய மனமில்லாதவர்கள் மின்ட், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளை ஏற்றத் தொடங்கினார்கள். கல்லடியில் என் கடை மேசையிலும் அப்படி நாலைந்து கிடக்கின்றன. ஆகவே இந்த முறை பிரின்டர் கேள்விகளையும் தமிழ் எழுத்துருக் கேள்விகளையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். அவை அடுத்த இதழில்.

கேள்வி: *நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியை. பழைய லப்டொப் ஒன்றில் மகனின் கூட்டாளி லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தார். வேகம் நல்லம். ஆனால் வைஃபை பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். பிறகு சின்னம் அப்படியே இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. வைஃபையை நிறுத்தித் திரும்பப் போட்டால் வரும். அதே மேசையில் என் போன் ஒரு பிசகும் இல்லாமல் ஓடுகிறது. சூம் வகுப்பு நடுவில் நான் உறைந்துபோக, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பழுது பார்ப்பவர் ஒருவர், "லினக்ஸ் எண்டா அப்படித்தான் டீச்சர், மறுகா விண்டோஸையே போடுங்க" என்கிறார். இரண்டு தரம் லினக்ஸை அழித்துப் போட்டும் பார்த்தாயிற்று.*

பதில்: டீச்சர், மூன்றாம் தரம் போடாதீர்கள். அழித்துப் போட்டால் அதே டிரைவரும் (வைஃபை அட்டையை ஓட்டும் மென்பொருள்) அதே அமைப்பும்தான் திரும்பி வரும். முதலில் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்போம். வலை கிழிந்தால் ஓட்டையைத் தேடிப் பிடித்துத்தானே பொத்துகிறோம், வலை முழுவதையும் அவிழ்த்துப் பின்னுவதில்லையே.

உங்கள் கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு. ரவுட்டரிலிருந்து வெளியே இன்டர்நெட் வரை இன்னொரு துண்டு. வைஃபை என்பது முதல் துண்டு மட்டும்தான். டேர்மினல் என்ற, கட்டளை தட்டும் ஜன்னல்கள் இரண்டைத் திறவுங்கள். ஒன்றில் பிங் (மறுபக்கம் பதில் தருகிறதா என்று விடாமல் கேட்கும் கட்டளை) என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் ரவுட்டரின் இலக்கத்தைக் கொடுங்கள். அநேக வீடுகளில் 192.168.1.1 ஆக இருக்கும். சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் பார்க்கலாம். மற்ற ஜன்னலில் பிங் 8.8.8.8 என்று கொடுங்கள். அது கூகுள் நடத்தும் ஒரு பொதுச் சேவையகம். இரண்டையும் ஓடவிட்டு உங்கள் வேலையைச் செய்யுங்கள். இணைப்பு நிற்கிற நேரம் இரண்டு ஜன்னலும் நின்றால் குற்றம் வீட்டுக்குள். முதலாவது ஓட, இரண்டாவது மட்டும் நின்றால் குற்றம் வெளியே. கணினியை ஏசிப் பயனில்லை. போன் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள், அதனால் இரண்டும் சேர்ந்துதான் நிற்கும் என்பது என் ஊகம். இருந்தாலும் பாருங்கள். ஊகத்தில் நான் தோற்ற கதை கீழே வருகிறது.

உங்கள் அறிகுறியில் நான் முதலில் சந்தேகிப்பது மின்சேமிப்பை. பற்றரியை மிச்சம் பிடிக்க வைஃபை அட்டை இடைக்கிடை கண்ணயரும். ரவுட்டர் விநாடிக்குப் பத்துத் தரம் அளவில் ஒரு சிறு அறிவிப்பை வானில் விடுகிறது. யாருக்கெல்லாம் தபால் காத்திருக்கிறது என்ற பட்டியலும் அதில் இருக்கும். அட்டை அந்த நேரத்துக்கு விழித்து, பட்டியலைப் பார்த்து, தனக்கு ஒன்றும் இல்லையென்றால் திரும்பத் தூங்கும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சில அட்டைகளும் அவற்றின் டிரைவர்களும் பிந்தி விழிக்கின்றன, அல்லது விழிக்கவே மறக்கின்றன. தபாற்கந்தோரில் கடிதம் குவியும், ஆள் போய் எடுப்பதில்லை. சின்னத்தில் இணைப்பு இருக்க, பக்கம் திறக்காமல் கிடப்பது இப்படித்தான்.

உபுண்டுவிலும், அதை வைத்துக் கட்டிய மின்டிலும், இந்த மின்சேமிப்பு நிறுவும்போதே போடப்பட்டிருக்கும். நிறுத்துவதற்கு ஒரேயொரு எழுத்தை மாற்றினால் போதும். இடிசி கோப்புறைக்குள் நெட்வேர்க்மேனேஜர் என்று ஒரு கோப்புறை, அதற்குள் கொன்ஃப்.டி. அங்கே டீஃபோல்ட்-வைஃபை-பவர்சேவ்-ஒன் என்ற கோப்பு இருக்கும். நிர்வாகி அனுமதியோடு, அதாவது சூடோ போட்டு, அதைத் திறந்தால் வைஃபை.பவர்சேவ் = 3 என்று ஒரு வரி. 3 என்றால் தூங்கலாம், 2 என்றால் தூங்கக்கூடாது. 3 ஐ 2 ஆக்கிச் சேமித்து, கணினியை ஒருமுறை மூடித் திறவுங்கள். பற்றரி கொஞ்சம் கூடப் போகும். வகுப்பு எடுக்கிற நேரம் நீங்கள் எப்படியும் சார்ஜரில்தானே இருப்பீர்கள்.

அதற்கும் அறுவது நிற்காவிட்டால் கணினி தன் நாட்குறிப்பில் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். டேர்மினலில் சூடோ போட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டினால் லினக்ஸின் மையக்கருவான கேர்னல் எழுதிய குறிப்புகள் கொட்டும். இணைப்பு அறுந்த உடனேயே தட்டுங்கள், கடைசி இருபது வரி போதும். ரவுட்டரோடு தொடர்பை இழந்தேன் என்று இருக்கிறதா, ரவுட்டர் என்னை விலக்கியது என்று இருக்கிறதா, அல்லது அட்டைக்குள் ஓடும் ஃபேர்ம்வெயார் செயலிழந்தது என்று இருக்கிறதா, கவனியுங்கள். மற்ற நாட்குறிப்பான ஜேர்னலில் சில வேளை "லோக்கலி ஜெனரேட்டட்" என்ற சொல் காரணத்தோடு ஒட்டியபடி நிற்கும். நிற்குமானால் கையை விட்டது உங்கள் கணினி. இல்லாமல் வெறும் காரண இலக்கம் மட்டும் இருந்தால், விட்டது ரவுட்டர். இந்த ஒரு சொல் எனக்கு எத்தனையோ மணித்தியாலங்களை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

அட்டை எது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எல், எஸ், பி, சி, ஐ என்று தட்டினால் வருகிற பட்டியலில் நெட்வேர்க் கொன்ட்ரோலர் என்ற வரியில் இருக்கும். லப்டொப்பின் மூடியில் உள்ள பெயர் எனக்கு உதவாது, உள்ளே இருக்கிற சிப்பின் பெயர்தான் வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ரியல்டெக் 8723பிஈ என்ற சிப்புக்கு இரண்டு அன்டெனா வாய்கள். சில லப்டொப்களில் ஒரேயொரு அன்டெனாவைத்தான் மாட்டி அனுப்பினார்கள், எந்த வாயில் மாட்டினோம் என்று சிப்புக்குச் சரியாகச் சொல்லியும் வைக்கவில்லை. டிரைவர் வெறும் வாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஒரு கோடுதான் காட்டும். அதற்கும் வழி உண்டு: மொட்ப்ரோப்.டி கோப்புறையில் அந்த டிரைவருக்கு ஆன்ட்_செல் என்ற விருப்பத்தை 1 அல்லது 2 என்று கொடுத்தால், காது சரியான பக்கம் திரும்பும்.

அந்தப் பழுது பார்ப்பவரோடு கோபிக்க வேண்டாம். 2011 வரை உபுண்டு சீடியைத் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள். அப்படி வந்த சீடியைப் போட்டுவிட்டு, விண்டோஸ் எக்ஸ்பியின் டிரைவரை லினக்ஸுக்குள் சுற்றிக் கட்டி வைஃபையை ஓடவைத்த காலம் எனக்கும் தெரியும். அவர் அந்தக் காலத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

ஒரு திருத்தம். வாழைச்சேனை வாசகர் ஒருவர், மேசைக் கணினியில் குத்திய வைஃபை டொங்கிள் பெரிய கோப்பு எடுக்கும்போதெல்லாம் நொண்டுகிறது என்று எழுதியிருந்தார். சென்ற இதழில் நான் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறையை நிறுத்தச் சொன்னேன். ஐபிவி6 நின்றது, நொண்டல் நிற்கவில்லை. அவர் விடாமல் தேடித் தானே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்: டொங்கிளுக்கு அடுத்த துளையில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். அதற்கு கோப்பு ஏறும்போதுதான் வைஃபை சாகிறது. யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். 2012 இலேயே இன்டெல் இதை அளந்து அறிக்கை போட்டது. எனக்குத் தெரிந்த விசயம், ஆனாலும் கேட்க மறந்தேன். அவர் டொங்கிளை ஒரு முழ நீள யூஎஸ்பி வயரில் மாட்டி மேசையின் மறு ஓரத்தில் வைத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லையாம். உங்கள் ஐபிவி6 ஐத் திரும்பப் போட்டுவிடுங்கள், அது பாவம் ஒன்றும் செய்யவில்லை.

கேள்வி: *காத்தான்குடி. உயர்தரம் படிக்கிறேன். உபுண்டு லப்டொப். சில நாட்களில் எங்கள் வைஃபை பெயர் பட்டியலில் வரவே வராது. பக்கத்து வீடுகளின் பெயர்கள் இருபது முப்பது வரும், எங்களது இல்லை. நானாவின் போனில் அதே நேரம் எங்கள் பெயர் முழுக் கோட்டோடு நிற்கும். ரவுட்டரை நிறுத்திப் போட்டால் சில வேளை வரும், சில வேளை வராது.*

பதில்: மகள், விடையின் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரவுட்டரை நிறுத்திப் போட்டால் வருகிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு இலங்கையில் 1 முதல் 13 வரை சானல்கள், அதாவது அலைவரிசைத் தடங்கள். அமெரிக்காவில் வழமையாக 11 வரைதான். உங்கள் ரவுட்டர் சானலைத் தானே தெரிவுசெய்யும்படி விடப்பட்டிருக்கும். காத்தான்குடி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய ஊரில் அது சனநெருக்கம் குறைந்த இடத்தைத் தேடி 12 அல்லது 13 இல் போய் உட்காரும். ஒவ்வொரு தரம் போடும்போதும் வேறு இடத்தில் உட்காரலாம். லப்டொப்புக்கோ தான் இருப்பது எந்த நாடு என்று தெரியாது. நாடு தெரியாவிட்டால் லினக்ஸ் 00 என்ற உலகப் பொது விதியைப் பிடித்துக்கொண்டு 12, 13 இல் அடக்கி வாசிக்கும். அமெரிக்கச் சந்தைக்கென்று எழுதப்பட்ட அட்டையானால் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. போனுக்கு சிம் இருக்கிறது, கோபுரத்தைக் கேட்டு நாட்டை அறிந்துகொள்கிறது.

கணினிக்கு நாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம். ஐடபிள்யூ என்ற கருவியில் ரெக் செட் என்று தட்டி, எல்கே என்று கொடுத்தால் அப்போதைக்கு மாறும். அட்டை சொல்லுக் கேட்காமலும் இருக்கலாம், அதனால் நான் ரவுட்டரைத்தான் திருத்துவேன். உலாவியில் ரவுட்டரின் இலக்கத்தைத் திறந்து, வயர்லெஸ் பகுதியில் சானலை ஓட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டாதவை. அயலில் எது குறைவு என்று பார்க்க, டேர்மினலில் என், எம், சி, எல், ஐ என்று தட்டி, இடைவெளி விட்டு டெவ், இடைவெளி விட்டு வைஃபை என்று கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சானல் இலக்கம் வரும். மூன்றிலும் நெரிசல் என்றால் அதில் குறைந்ததை எடுங்கள். 4 இலோ 9 இலோ போய் நடுவில் நிற்காதீர்கள், இரண்டு பக்கத்து அடியும் வாங்க வேண்டிவரும். சானலின் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள்.

சானல் 11 க்குக் கீழேதான் இருந்தது, அப்படியும் காணவில்லையென்றால், ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் பெயரை விடுகிறதா என்று பாருங்கள். பழைய லப்டொப் அட்டைகள் பலதுக்கு அந்த அலைவரிசை கேட்காது. போன் கம்பனிகள் சொல்கிற 5ஜி வேறு, இது வேறு. வாப்பாவுக்கு விளங்கப்படுத்தும்போது கவனம்.

கேள்வி: *வாகரை. வைஃபை பொத்தான் மங்கலாக இருக்கிறது, அமத்த முடியவில்லை.*

பதில்: ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். சொஃப்ட் புளொக்ட் என்ற வரிக்கு எதிரே யெஸ் என்றால், ஆர்எஃப்கில் அன்புளொக் ஓல் என்று கொடுக்க விடும். ஹார்ட் புளொக்ட் யெஸ் என்றால் எந்தக் கட்டளைக்கும் அசையாது. லப்டொப்பின் ஓரத்தில் ஒரு சின்ன நழுவு விசை இருக்கும், அல்லது மேல்வரிசைச் சாவியில் விமானப் படம். அதைத் தள்ளுங்கள். சிரிக்க வேண்டாம்: ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் லப்டொப்பை மூன்று நாள் வைத்து மூன்று விதமான லினக்ஸ் போட்டேன். நாலாம் நாள் அதைத் துடைக்கும்போது துணியில் ஒரு விசை தட்டுப்பட்டது. கூலி வாங்கவில்லை.

கேள்வி: *வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிறேன். ஒரே லப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும். விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸுக்குப் போனால் வைஃபை அட்டையே இல்லை என்கிறது. லினக்ஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கே வந்தால் இருக்கிறது.*

பதில்: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று. மூடு என்றால் முழுக்க மூடாது, பாதித் தூக்கத்தில் போகும். அட்டையையும் அதே தூக்கத்தில் விட்டுச் செல்லும், லினக்ஸ் வந்து எழுப்பினால் எழும்பாது. விண்டோஸின் பவர் அமைப்பில் அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் வட்டில் லினக்ஸிலிருந்து எழுத முடியவில்லை என்ற தொல்லையும் உங்களுக்கு இருந்திருக்குமே? அதுவும் இதோடு போகும்.

கேள்வி: *பொத்துவில். கடையில் வாங்கிய மலிவு வைஃபை டொங்கிள். குத்தினால் சீடி டிரைவ் என்று காட்டுகிறது. இணையத்தில் பார்த்து டிரைவர் ஒன்றைப் போட்டதும் வேலை செய்தது. அப்டேட் செய்த பிறகு திரும்ப இல்லை.*

பதில்: உள்ளே விண்டோஸ் டிரைவரை வைத்து விற்பதற்காக அது முதலில் சீடி வேசம் போடும். கோப்பு மேலாளரில் அந்தச் சீடியை இஜெக்ட் செய்தால் பல டொங்கிள்கள் வேசத்தைக் கலைத்துவிடும். யூஎஸ்பி-மோட்சுவிட்ச் என்ற பொதி அதைத் தானாகச் செய்யும்.

அப்டேட்டுக்குப் பிறகு போனதற்குக் காரணம் வேறு. நீங்கள் போட்ட டிரைவர் கேர்னலோடு வருவது இல்லை, வெளியாள் எழுதியது. ஒரு கேர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கேர்னல் மாறினால் சட்டை சேராது. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டோடு நிறுவினால் கேர்னல் மாறும்போதெல்லாம் தானே திரும்பத் தைத்துக்கொள்ளும், அதுவும் டிரைவரை எழுதியவர் பின்னாலேயே வந்தால்தான். இப்போதைக்கு, கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து உள்ளே போனால் வைஃபை வரும்.

என்னைக் கேட்டால் அந்த டொங்கிளை விண்டோஸ் வைத்திருக்கிற யாருக்காவது கொடுத்துவிட்டு, கேர்னலிலேயே டிரைவர் உள்ள சிப் ஒன்று வாங்குங்கள். ஏதரொஸ் ஏஆர்9271, மீடியாடெக் எம்டி7612யூ இரண்டும் அந்த வகை. கடைக்காரரிடம் பெட்டியில் உள்ள பெயரைக் கேட்காதீர்கள். சிப் இலக்கம் கேளுங்கள், தெரியாது என்றால் லப்டொப்பைக் கொண்டுபோய்க் குத்திப் பார்த்து வாங்குங்கள். குத்திப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

கேள்வி: *மண்டூர். மகன் கட்டாரில். போகும்போது பழைய கணினியில் உபுண்டு போட்டு, சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றும் வாங்கித் தந்தான். பின்னேரம் ஏழு எட்டு மணிக்கு அவன் வீடியோவில் வந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, பிறகு அறுகிறது. பகலில் அயல் பிள்ளைகள் படம் பார்க்கும்போது ஒன்றும் இல்லை. கணினியை மாற்ற வேண்டுமா? எனக்குக் கட்டளை ஒன்றும் தெரியாது தம்பி.*

பதில்: கட்டளை வேண்டாம் அக்கா, கணினியையும் மாற்ற வேண்டாம். மகன் வந்து முகம் உடைகிற நேரம், அதே ரவுட்டரில் உள்ள போனை எடுத்து ஏதாவது ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அதுவும் சுற்றிக்கொண்டு நின்றால் பழுது கணினியிலும் இல்லை, வைஃபையிலும் இல்லை. கோபுரத்துக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான். நீங்கள் எழுதிய நேரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. குருமண்வெளித் துறையில் பின்னேரம் பாதை (ஆற்றைக் கடக்கும் மிதவை) நிறையச் சனம் நிற்பது போலத்தான் இதுவும். பாதை பகலில் வந்த அதே பாதைதான், ஏறுகிற ஆட்கள் கூட.

ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அது ஷோகேசுக்குள், கண்ணாடிக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் நடுவில் இருக்கும். வெளியே எடுத்து, உயரமான ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கிட்ட வேண்டாம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து நிமிடம் வைத்து, அதன் முகத்தில் எரிகிற கோடுகளை எண்ணுங்கள். கூட எரிகிற ஜன்னலே அதற்கு இடம்.

அப்புறம் ஒரு முறை நேரத்தை மாற்றிப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள். நம் நேரம் காலை பதினொரு மணிக்கு அழைக்கச் சொல்லுங்கள், கட்டாரில் அப்போது எட்டரை. எழும்பித் தேநீரோடு இருப்பார். அந்த நேரமும் முகம் உடைந்தால் எனக்கு எழுதுங்கள்.